நக்கவாரம் முதல் இந்திரா முனை வரை: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் கடல்மட்ட மாற்றமும் மக்கள் வாழ்வும்

முன்னுரை

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில், வடக்குத் தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். இவற்றின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் என்பது தமிழாய்வுலகம் கருத்திற் கொள்ளத்தக்கது.

புவி வெப்பமடைதலாலும் கடல்மட்ட உயர்வாலும் பாதிப்புறும் நிலப்பகுதிகளைப் பற்றிப் பேசுவோர் மாலத்தீவையும், பசிபிக் பெருங்கடலின் துவாலு, கிரிபாட்டி ஆகிய தீவு நாடுகளையும் முதலிற் சுட்டுவர். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலை அவற்றினின்று வேறானது. இங்குக் கடல் உயர்வதோடு நிலமும் அசைகின்றது. ஓரிடத்தில் நிலம் தாழ்ந்தும் மற்றோரிடத்தில் உயர்ந்தும் வந்துள்ளது. எனவே இங்கு நிகழ்ந்த கடலோர அழிவுகளுள் எவை காலநிலை மாற்றத்தால் விளைந்தவை, எவை நிலநடுக்கத்தால் விளைந்தவை, எவை மனிதர் நிலத்தைக் கையாண்ட முறையால் விளைந்தவை எனப் பகுத்தறிதல் இன்றியமையாததாகின்றது. இப்பகுப்பை வரலாற்று நோக்கில் மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் நக்கவாரமும் கடல்கோளும்

நிக்கோபார்த் தீவுகளைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. அதனைக் கூறும் அவனது மெய்க்கீர்த்தி, வெல்லப்பட்ட இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகின்றது. தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெறும் இப்பெயர் நிக்கோபாரையே குறிக்கும் என்பது வரலாற்றறிஞர் பலரின் முடிபு. மணிமேகலையில் கலமுடைந்து கரையொதுங்கும் சாதுவன் நக்க சாரணர் நாகரின் மலையை அடைகின்றான். அந்நிலத்தையும் நிக்கோபாரோடு பொருத்திக் காண்பார் சிலர்.

அதே காப்பியம் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியையும் கூறுகின்றது. இந்திர விழாக் கொண்டாடப்படாமையே அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கின்றது. இறையனார் அகப்பொருள் உரை சங்கங்களின் வரலாற்றையே கடல்கோளை எல்லையாக வைத்து வகுக்கின்றது. நிலத்தைக் கடல் உண்ணும் நிகழ்வுக்குத் 'கடல்கோள்' என ஒரு தனிச்சொல்லை உருவாக்கிக்கொண்ட மொழி தமிழ்.

அந்தமான் பழங்குடியினரிடமும் இத்தகைய நினைவு வழங்கி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈ. எச். மேன் திரட்டிய செய்திகளில், புலுகா என்னும் தெய்வம் மாந்தர் கட்டளை மீறியமையாற் சினந்து பெருவெள்ளத்தை விடுத்ததாகவும், மிகச் சிலரே தப்பியதாகவும், அணைந்துபோன நெருப்பை ஒரு பறவை மீட்க முனைந்ததாகவும் ஒரு கதை உள்ளது.

இவ்விரு மரபுகளும் ஒரு கூறில் ஒன்றுபடுகின்றன. கடல் நிலத்தைக் கொள்வது மாந்தர் செய்த பிழையின் பயன் என்பதே அக்கூறு. காலநிலை மாற்றம் பற்றிய இக்காலக் கருத்தும் மாந்தர் செயலையே காரணமாகக் காட்டுகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழங்கதை காரணத்தைக் கூறி அமைந்துவிடும். அறிவியலோ காரணத்தை அளந்து காட்டவும், பிற காரணங்களிலிருந்து பிரித்துக் காட்டவும் கடமைப்பட்டது. அந்தமான் நிக்கோபாரில் இக்கடமை கடினமானது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

குடியேற்ற வரலாறும் இயற்கைச் சீற்றமும்

நிக்கோபாரில் ஐரோப்பியர் குடியேற முயன்ற வரலாறு தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையது. தரங்கம்பாடியில் நிலைகொண்டிருந்த டென்மார்க் நாட்டினர் 1756இல் இத்தீவுகளைத் தமதாக்கிக்கொண்டனர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற மொராவிய சமயப் பணியாளர்கள் 1768 முதல் 1787 வரை நன்கௌரிப் பகுதியில் தங்கிப் பணியாற்றினர். நோயால் பலர் மாண்டமையின் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1846இல் கலாத்தியா என்னும் டென்மார்க் கப்பல் இத்தீவுகளுக்கு வந்தது. பெரிய நிக்கோபாரின் தென்பகுதியிலுள்ள கலாத்தியா விரிகுடா இன்றும் அக்கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1869இல் நிக்கோபார் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது.

அந்தமானில் ஆங்கிலேயர் 1789இல் அமைத்த முதற் குடியேற்றம் நோயின் கடுமையால் 1796இல் கலைக்கப்பட்டது. 1858இல் மீண்டும் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியது. அக்காலத்திலும் புயல்கள் இத்தீவுகளைத் தாக்கின. 1844 நவம்பரில் ரன்னிமீட், பிரிட்டன் என்னும் இரு படைக்கப்பல்கள் ஒரே புயலில் அந்தமான் தீவுக்கூட்டத்தில் கரைமீது வீசப்பட்டன. 1891 நவம்பரில் போர்ட் பிளேயரைத் தாக்கிய புயலில் எண்டர்பிரைஸ் என்னும் கப்பல் உடைந்து, அதிலிருந்தோருட் பெரும்பாலோர் மடிந்தனர். எஞ்சிய சிலரைக் கரைசேர்த்தவர்கள் பெண் கைதிகள். புயல் என்பது இத்தீவுகளுக்குப் புதியதன்று என்பதை இந்நிகழ்வுகள் தெளிவாக்கும். ஆகவே 2013இன் லெகர் புயலையோ, 2016 திசம்பரில் அவலக்கில் நூற்றுக்கணக்கான பயணிகளைச் சிக்கவைத்த வர்தா புயலையோ தனித்தனியே காலநிலை மாற்றத்தின் விளைவென்று கூறுதல் பொருந்தாது. வெம்மை மிகுந்த கடல் புயலுக்கு மிகுதியான ஆற்றலைத் தரும் என்னும் பொது உண்மையைக் கூறலாம். ஒரு தனிப்புயலுக்கு அவ்வுண்மையைப் பொருத்துமுன் சான்று வேண்டும்.

நாடு விடுதலையடைந்தபின் தீவுகளின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. 1951இல் 30,971ஆக இருந்த தொகை 2001இல் 3,56,152ஆக உயர்ந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் 1949 முதல் காடழித்த பள்ளத்தாக்குகளிற் குடியமர்த்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரின் கேம்பெல் விரிகுடாப் பகுதியிற் குடியேறின. இக்குடியேற்றங்களுட் பல கடலோரச் சமநிலத்தையும் ஓடைக் கழிமுகங்களையும் ஒட்டியே அமைந்தன. ஏனைய நிலம் செங்குத்தான மலைக்காடாக இருந்தமையே இதற்குக் காரணம்.

பெருகிய மக்களுக்கு வீடும் சாலையும் கட்ட மணல் தேவைப்பட்டது. ஆற்றுமணல் அரிதான இத்தீவுகளிற் கடற்கரை மணலே அள்ளப்பட்டது. உச்சநீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7ஆம் நாள் அந்நீதிமன்றம் பிறப்பித்த ஆணை மரம் வெட்டுதலையும் மணல் அள்ளுதலையும் கட்டுப்படுத்தியது. கடல்மட்ட உயர்வு பேசுபொருளாகுமுன்னரே மணற்கரைகள் மனிதக் கையால் மெலிந்திருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

அளக்கப்பட்ட கடல்

போர்ட் பிளேயரில் (2024இல் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது) அலைமட்டத்தை அளக்கும் கருவி 1880ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. 1881 திசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபாரை ஒட்டி நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலையை அது பதிவுசெய்தது. வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த பிற துறைகளிலும் அவ்வலை பதிவாயிற்று. ஆழிப்பேரலையைக் கருவி கொண்டு பதிந்த மிகப் பழைய சான்றுகளுள் இஃதொன்று.

அலை அளவிக்கு ஒரு வரையறை உண்டு. அது நிலத்தில் ஊன்றப்பட்டது. எனவே அது காட்டுவது நிலத்தோடு ஒப்பிட்ட கடல்மட்டத்தையே. கடல் ஒரு விரற்கடை உயர்ந்தாலும், நிலம் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் கருவியில் ஒரே மாற்றமே தெரியும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின் செயற்கைக்கோள் அளவீடுகளும் நிலத்தின் அசைவைக் காட்டும் கருவிகளும் துணைபுரிய வேண்டும்.

அத்தகைய அளவீடுகள் கூறுவனவற்றை இங்குத் தொகுத்துக் காணலாம். இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. 1993க்குப் பிற்பட்ட ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் அவ்வீதம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராக மிகுந்தது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரையான காலத்தில் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு உயர்ந்தது. பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, உலகக் கடல்மட்டம் 2100ஆம் ஆண்டளவில் வெப்பவாயு வெளியீடு மிகக் குறையுமாயின் 0.28 முதல் 0.55 மீட்டர் வரையிலும், மிக மிகுமாயின் 0.63 முதல் 1.01 மீட்டர் வரையிலும் உயரக்கூடும் எனக் கணிக்கின்றது.

ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குப் புலனாகாத அளவு. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரே கரையில் வாழ்ந்தாலும் இரண்டு சாண் நீரைக்கூட அவர் காணார். ஆனால் இத்தீவுகளின் மக்கள், நூறாண்டுகளில் நிகழக்கூடியதெனக் கணிக்கப்படும் மாற்றத்தை ஒரே காலைப்பொழுதிற் கண்டனர்.

2004: நிலம் தாழ்ந்தமை

2004 திசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் வடமேற்கே தொடங்கிய 9.1 அளவிலான நிலநடுக்கம், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறையைப் பிளந்து அந்தமானின் வடமுனைவரை சென்றது. அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தைப் பேரழிவுக்கு உள்ளாக்கியதைத் தமிழர் நன்கறிவர். தீவுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கச்சால், கார் நிக்கோபார், பெரிய நிக்கோபார் ஆகியவை பெரிதும் பாதிக்கப்பட்டன. நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 42,068ஆக இருந்து, 2011இல் 36,842ஆகக் குறைந்தது.

தமிழகத்தில் அலை வந்து மீண்டது. நிக்கோபாரிலோ அலை மீண்டபின்னும் கடல் மீளவில்லை, நிலமே தாழ்ந்துவிட்டமையால். கார் நிக்கோபார் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. பிக்மாலியன் முனை என முன்னர் வழங்கப்பட்ட அவ்விடத்தில் 1972இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. தாழ்வான திரிங்கட் தீவு துண்டுபட்டது. போர்ட் பிளேயரும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தமையால், அருகிலுள்ள சிப்பிகாட் பகுதியின் வயல்களில் உப்புநீர் நிலையாகத் தேங்கியது. ஆனால் வட அந்தமானின் மேற்குக்கரை சில இடங்களில் ஒரு மீட்டரளவு உயர்ந்தது. அங்குக் கடலடியில் இருந்த பவளப்பாறைகள் வெளிப்பட்டு வெயிலிற் காய்ந்து மடிந்தன. ஓதநீர் எட்டாத அலையாத்தி மரங்களும் பட்டன.

நிலநடுக்கத்தின்பின் போர்ட் பிளேயர் சிறிது சிறிதாக மீண்டும் உயரத் தொடங்கியதையும் அளவீடுகள் காட்டின. எனவே தாழ்வு நிலையானதென்றோ உயர்வு நிலையானதென்றோ கொள்ளவியலாது. அசையும் நிலத்தின்மீது உயரும் கடல் என்பதே இத்தீவுகளின் உண்மை நிலை.

இங்கு ஒரு முறையியல் வினா எழுகின்றது. சிப்பிகாட் வயல்களையோ இந்திரா முனையையோ காட்டிக் காலநிலை மாற்றத்தின் விளைவு என எழுதுவோர் உளர். அது பிழை. அவை நிலநடுக்கத்தின் விளைவுகள். ஆயினும் அவை காலநிலை ஆய்வுக்குப் பயன்படாதன அல்ல. கார் நிக்கோபார் 2004இற் பெற்ற ஒப்பீட்டு மாற்றம், 2100க்கெனக் கணிக்கப்பட்ட உயர்வின் மேல் எல்லையை ஒத்தது. ஒரு தீவில் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் மண்ணும் மரமும் கிணறும் குடியும் என்னவாகும் என்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டறிவு இங்குக் கிடைக்கின்றது. உலகில் இத்தகைய சான்று மிக அரிது.

அலையாத்தியும் பவளமும்

அலையாத்திக் காடு ஓதம் ஏறி இறங்கும் குறுகிய எல்லைக்குள் வாழ்வது. கடல் மெல்ல உயர்ந்தால் அக்காடு வண்டலைப் பிடித்து நிலத்தை உயர்த்தியோ, உட்பகுதிக்கு நகர்ந்தோ தன்னைக் காத்துக்கொள்ளும். நிக்கோபாரில் தாழ்வு திடுமென நேர்ந்தமையால் அலையாத்திக் காடுகளுட் பெரும்பகுதி அழிந்தது. முன்னர் தென்னந்தோப்பாகவும் புல்வெளியாகவும் இருந்து நீர்புகுந்த இடங்களில் புதிய நாற்றுகள் முளைத்தமை பின்னாளிற் காணப்பட்டது. உட்பகுதியில் இடம் விடப்பட்ட கரைகளில் அலையாத்தி மீளும் என்பதும், சாலையும் சுவரும் தடுத்த கரைகளில் மீளாது என்பதும் இதனாற் பெறப்படும் பாடமாகும். இந்திய வன அளவைத் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை தீவுகளின் அலையாத்திப் பரப்பை ஏறத்தாழ 616 சதுர கிலோமீட்டர் எனக் காட்டுகின்றது. 1990களின் அறிக்கைகளில் அது 966 சதுர கிலோமீட்டராக இருந்தது.

பவளப்பாறைகளின் நிலை வேறு. இங்குக் காலநிலை மாற்றத்தின் பங்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது. பவள உயிரியின் உடலுள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் தருகின்றன. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெண்மையடைகின்றது. வெப்பம் தணியாவிடில் மடிகின்றது. அந்தமான் கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவிலான வெளிறல் நிகழ்ந்தது. 1983இல் அமைக்கப்பட்ட வண்டூர் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவும் இதற்குத் தப்பவில்லை. மீன்பிடிப்பையும் மணல் அள்ளுதலையும் தடுக்கும் சட்டவேலி வெப்பத்தைத் தடுக்கவியலாது.

பவளப்பாறை தீவுக்கு அலைதாங்கி. உயிருள்ள பாறை, மெல்ல உயரும் கடலோடு தானும் மேல்நோக்கி வளரவல்லது. இறந்த பாறை வளராது, நொறுங்கும். ஆகவே கடல்மட்டம் சில மில்லிமீட்டரே உயர்கின்றது என்னும் வாதம் முழுமையானதன்று. அவ்வுயர்வுக்கு ஈடுகொடுக்கும் உயிரரண் வெப்பத்தால் அழிகின்றதென்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நன்னீரும் வேளாண்மையும்

போர்ட் பிளேயரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவமழை இந்திய நிலப்பரப்பை அடையுமுன், மே மாதத்தின் மூன்றாம் வாரமளவில் இத்தீவுகளை அடைகின்றது. இத்தனை மழை பெய்தும் சனவரி முதல் ஏப்பிரல் வரை குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுகின்றது. மலைச்சரிவில் விழும் நீர் குறுகிய ஓடைகளின் வழியே விரைந்து கடலை அடைந்துவிடுவதே காரணம். தலைநகருக்கு நீர் தரும் தனிக்காரி அணையும் பருவமழையையே நம்பியுள்ளது. பருவமழை பிந்தும் ஆண்டுகளில் இத்தட்டுப்பாடு சூன் வரை நீளக்கூடும்.

கார் நிக்கோபார், சௌரா போன்ற தாழ்ந்த தீவுகளில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. நன்னீரின் எடை உப்புநீரினும் சற்றே குறைவு. அதனால் கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நீரியல் விதி. இதன் மறுதலையும் உண்மையே. கரை சுருங்கி நன்னீரின் மேல்மட்டம் சிறிது குறைந்தாலும், கீழுள்ள இருப்புப் பன்மடங்கு குறையும். 2004க்குப்பின் கடலோரக் கிணறுகள் உப்பேறியமையும், தொடர்ந்த மழைகளால் அவற்றுட் சில மீண்டமையும் இவ்விதிக்குச் சான்றுகளாகும். மழை அவற்றை மீட்டது. மழையின் காலமும் அளவும் மாறுமாயின் அம்மீட்சி நிகழாது.

வேளாண்மையில் தெற்கு அந்தமானின் நெல்வயல்கள் பேரிழப்புக்குள்ளாயின. போர்ட் பிளேயரில் 1978 முதல் இயங்கும் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (பின்னர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றது) அகன்ற பாத்திகளையும் அவற்றிடையே ஆழ்ந்த வாய்க்கால்களையும் அமைக்கும் முறையைப் பரப்பியது. பாத்தியில் மழைநீரால் உப்பு கழுவப்பட்டுக் காய்கறி விளையும். வாய்க்காலில் நெல்லும் மீனும் வளரும். இயற்கை மாற்றத்தை எதிர்த்து நில்லாது அதற்கேற்ப நிலத்தைத் திருத்தியமைத்த முயற்சியாக இதனைக் குறிப்பிடலாம்.

நிக்கோபாரியர் இடப்பெயர்வு

நிக்கோபாரியரின் ஊர்கள் கடற்கரையை ஒட்டியே அமைந்திருந்தன. கார் நிக்கோபாரில் எல்பனம் எனப்படும் பொதுவெளி கடலோரத்தில் இருந்தது. ஊர்ப் பொதுமனை, மகப்பேற்று மனை, இறப்பு மனை ஆகியன அங்கேயே நின்றன. தோணிகளும் அங்கேயே வைக்கப்பட்டன. பிறப்பும் இறப்பும் விழாவும் கடலின் முன்னிலையில் நிகழ்ந்தன எனலாம். நிலமும் தென்னையும் துகெத் எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கு உரியனவாயிருந்தன.

2004க்குப்பின் கரையூர்கள் உட்பகுதிக்கு மாற்றப்பட்டன. முதலில் தகரத் தற்காலிகக் குடியிருப்புகளும், பின்னர் தீவுகள் முழுவதிலும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிலையான வீடுகளும் கட்டப்பட்டன. உயிரைக் காக்கும் நோக்கில் இம்மாற்றம் தேவையானதே. ஆனால் வீடுகள் தனிக்குடும்ப அளவில் வகுக்கப்பட்டமையின் துகெத் அமைப்புப் பிளவுற்றது. ஓலையும் மரமும் கொண்டு தாமே கட்டிய கால்வீடுகளின் இடத்தில் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்த பொருள்கள் நின்றன. தென்னை பட்டுப்போனமையால் கொப்பரையை நம்பிய பொருளியல் சரிந்தது. புதுத்தென்னை காய்க்க ஆண்டுகள் பல ஆகும். அதுகாறும் அரசு தந்த அரிசியும் உதவித்தொகையும் உணவுப் பழக்கத்தையும் உழைப்பையும் மாற்றின.

சௌரா மக்கள் தெரசா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர்த் தம் தீவுக்கே மீண்டனர். மட்பாண்டத்துக்கும் தோணிக்கும் பெயர்பெற்ற அத்தீவு, சடங்கு நிலையிலும் நிக்கோபாரியரால் உயர்வாக மதிக்கப்படுவது. எட்டுச் சதுர கிலோமீட்டரளவே உள்ள தாழ்நிலத்துக்கு அவர்கள் மீண்டமை, பாதுகாப்பு என்பதை உயரத்தால் மட்டும் அளக்கவியலாது என்பதைக் காட்டுகின்றது. திரிங்கட் மக்கள் கமோர்த்தாவில் தங்கினர். பெரிய நிக்கோபாரின் சிங்கென் முதலிய தென், மேற்குக் கரையூர்களைச் சார்ந்தோர் கேம்பெல் விரிகுடாவை ஒட்டிய ராஜீவ் நகர் முதலிய குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்னும் அவர்களது கோரிக்கை தொடர்ந்து முன்வைக்கப்பட்டு வந்துள்ளது.

பெரிய நிக்கோபார்: ஒரு முரண்

இக்கோரிக்கை நிறைவேறாதிருந்த நிலையிலேயே பெரிய நிக்கோபாரில் ஏறத்தாழ 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், வானூர்தி நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியன அதன் கூறுகள். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டுநிலம் அதற்கு வேண்டப்பட்டது. கலாத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் தகுதி 2021 சனவரியில் நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதே மாதத்தில் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடிமன்றம், தான் முன்னர் அளித்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூதாதையர் நிலம் திட்ட எல்லைக்குள் அடங்குவது தமக்கு உணர்த்தப்படவில்லை என்பது அதன் முறையீடு.

திட்டத்தை ஆதரிப்போர் நாட்டின் பாதுகாப்பையும் கடல்வணிகத்தையும் காரணங்காட்டுவர். அவை புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் வரலாறு எழுப்பும் வினா ஒன்றுண்டு. கரை பாதுகாப்பற்றது என்று கூறி ஒரு மக்களை அகற்றிய நிலத்தில், அதே கரை பெருங்கட்டுமானத்துக்கு உகந்ததெனக் கொள்ளப்படுவது எங்ஙனம்? கலாத்தியா விரிகுடாவின் மணற்கரை 2004இல் அழிந்து, பின் மெல்ல மீண்டும் உருவாயிற்று. தோல்முதுகுக் கடலாமைகள் அங்கு மீண்டும் முட்டையிட வந்தன. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவுசெய்கின்றது, வெப்பம் மிகுந்தால் பெண்குஞ்சுகளே மிகும். நிலநடுக்கம், வெப்பம், கட்டுமானம் ஆகிய மூன்றும் அந்த ஒரே மணற்கரையில் சந்திக்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 2004இல் நேர்ந்த நிலமூழ்கல் நிலநடுக்கத்தின் விளைவு. அதனைக் காலநிலை மாற்றத்தின் விளைவாகக் கொள்ளுதல் தவறு. ஆயினும் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் நேரக்கூடியதை முன்னரே காட்டும் சான்றாக அதனைக் கொள்ளலாம்.

2. பவளப்பாறைகளின் வெளிறலில் காலநிலை மாற்றத்தின் தாக்கம் நேரடியாகத் தெரிகின்றது. கடல்மட்ட உயர்வின் தாக்கம் மெல்லியதாயினும் நன்னீர், அலையாத்தி, மணற்கரை ஆகியவற்றின் வழியே பெருகக்கூடியது.

3. மணல் அள்ளுதலும் கரையோரக் குடியேற்றமும் காலநிலை மாற்றத்துக்கு முன்னரே தீவுகளின் தாங்குதிறனைக் குறைத்திருந்தன.

4. இடம்பெயர்த்துக் காத்தல் உயிரைக் காத்தது. ஆனால் துகெத், எல்பனம் ஆகிய அமைப்புகளைக் காக்கவில்லை. இனி நிகழக்கூடிய இடப்பெயர்வுகளில் மக்களின் குடும்ப அமைப்பும் நிலவுரிமையும் முதலிடம் பெறுதல் வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமைக்கு விழா மறந்த பிழையைக் காரணமாக்கியது பழங்காப்பியம். எல்லா அழிவுக்கும் காலநிலை மாற்றத்தையே காரணமாக்கினால், கரையில் மணல் அள்ளியோரும் கட்ட இசைந்தோரும் தத்தம் பொறுப்பினின்று விடுபடுவர். எல்லாம் நிலநடுக்கமே என்றால், உலகை வெம்மையாக்கியோர் விடுபடுவர். இரண்டினாலும் இழப்புறுவோர் கரையில் வாழும் மக்களே. கடல்கோள் என்னும் சொல்லை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வரும் மொழியில் ஆய்வு செய்வோர், அச்சொல்லைத் தொன்மக் குமரிக்கண்டத்துக்கு மட்டும் உரியதாக்காது, மாநக்கவாரத்தின் இன்றைய கரைகளையும் அதன்கீழ்க் கொண்டுவந்து ஆராய்தல் காலத்தின் தேவையாகும்.